மொபைல் ஹோம் தீப்பெட்டியா? வாங்குறதுக்கு முன்னாடி ஸ்கர்ட்டிங்கைத் திறந்து பாருங்க

சன்னிவேல்வாசி · 2 நவம்பர் 2025, மாலை 6.10

சான் ஹோசே பக்கம் ஒரு மொபைல் ஹோம் (தொழிற்சாலையில கட்டி இழுத்து வந்து வைக்கிற வீடு) பார்க்ல 1974 டபுள்வைட் (ரெண்டு பாதியா வந்து சேர்த்தது) விலைக்கு வருது. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா ஆறு மாசம் தங்க வசதியா இருக்கும்னு பார்க்குறேன். ஆபீஸ்ல எல்லாரும் "அது தீப்பெட்டிப்பா, பத்து நிமிஷத்துல சாம்பல்"ங்கிறாங்க. விக்கிறவர் "உள்ளே எல்லாம் புதுசு"ங்கிறார். யார் சொல்றது சரி?

பழையவயர் · 2 நவம்பர், இரவு 9.40

ரெண்டு பேர் சொல்றதும் பாதிதான் சரி. முதல்ல தேதி. 1976 ஜூன் 15க்கு முன்னாடி கட்டினதுதான் "மொபைல் ஹோம்". அன்னைக்கு ஃபெடரல் ஹட் கோட் (அமெரிக்க வீட்டுவசதித் துறையோட கட்டுமான விதி) அமலுக்கு வந்தது. அதுக்கப்புறம் கட்டினதுக்குப் பேர் "மேனுஃபாக்சர்டு ஹோம்". பார்க் வாசல்ல போர்டு எப்படி இருந்தாலும் தீ விஷயத்துல இது ரெண்டும் வேற வேற ஜாதி.

அடையாளம்: வெளிச்சுவர்ல 2க்கு 4 இன்ச் சிவப்பு உலோகப் பட்டை. டபுள்வைட்னா பாதிக்கு ஒண்ணா ரெண்டு இருக்கணும். உள்ளே டேட்டா பிளேட்னு ஒரு தாள், மின் பேனல் பக்கத்திலயோ கிச்சன் அலமாரிக்குள்ளேயோ பெட்ரூம் குளோசெட்லயோ ஒட்டியிருக்கும். உங்க 1974ல இது ரெண்டையும் தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

ஹட் கோட் மாத்தினது என்னன்னா, தீ பரவும் அளவெண் (குறைஞ்சா நல்லது) சுவர் உட்பூச்சுல 200ஐயும் கூரை உட்பூச்சுல 75ஐயும் தாண்டக்கூடாது. ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்குறது), வாட்டர் ஹீட்டர் இருக்குற அறைக்குள்ளே 25. அடுப்புக்கு மேல வர்ற மர அலமாரியோட அடியிலயும் பக்கத்துலயும் 5/16 இன்ச் ஜிப்சம் போர்டு. பழைய வீட்டுல பெரும்பாலும் 1/8 இன்ச் லவான் ப்ளைவுட்டை நேரா சட்டத்துல ஆணி அடிச்சிருப்பாங்க, பின்னாடி ஜிப்சம் இருக்காது. "புதுசு"ன்னு பெயின்ட் அடிச்சிருக்கிறது அந்த ப்ளைவுட் மேலதானான்னு ஒரு ஸ்விட்ச் பிளேட்டைக் கழட்டினா ஓரம் தெரியும்.

பழையவயர் · 2 நவம்பர், இரவு 10.25

பிளேட்டைக் கழட்டுறப்பவே வயரையும் பாருங்க. பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டுத்தான். வெள்ளியா மின்னினா அலுமினியம். 1960கள் நடுவுல இருந்து 1970கள் ஆரம்பம் வரைக்கும் செம்பு விலை ஏறினதால பிளக் பாயின்ட் வரைக்கும் அதையே ஓட்டினாங்க. வயர் நடுவுல ஒண்ணும் ஆகாது, முனையிலதான் வம்பு. சூட்டுல விரியும், ஆறினா சுருங்கும், ஸ்க்ரூ தளரும், மேல ஆக்சைடு படியும், மறுபடி சூடேறும். பிளேட் தொட்டா வெதுவெதுன்னு இருக்கறது, மீன் நாத்தம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாடை, இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் அந்த சர்க்யூட்டை அன்னைக்கே நிறுத்துங்க.

அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிரந்தரமான தீர்வுன்னு ஒத்துக்கிறது மூணே மூணு: முழுக்க செம்பு வயர் மாத்தறது, கோப்பலம் கிரிம்ப் (விசேஷக் கருவியால செம்பு வயரை நசுக்கி இணைக்கிறது), இல்லன்னா அலுமிகான் கனெக்டர் (ஸ்க்ரூவால இணைக்கிறது). கடையில கிடைக்கிற ஊதா கலர் ட்விஸ்ட் கனெக்டரை அவங்க ஏத்துக்கல. அலுமிகான்னா டார்க் ஸ்க்ரூட்ரைவர் (முறுக்கு அளவு காட்டுறது) வேணும், அட்டைப்பெட்டியில அச்சடிச்ச அளவுக்கு முறுக்கணும். கை உத்தேசத்துல முறுக்கினா பழைய கதைதான்.

இன்னொண்ணு. அலுமினியத்துக்கு ஒரு சைஸ் பெருசா வயர் வேணும். 15 ஆம்ப்புக்கு 12 நம்பர், 20 ஆம்ப்புக்கு 10 நம்பர் (நம்பர் குறைஞ்சா வயர் தடிமன்). அடிக்கடி ட்ரிப் ஆகுதேன்னு யாரோ புண்ணியவான் 15ஐ எடுத்துட்டு 20 பிரேக்கர் மாட்டியிருப்பார். வயரைப் பார்க்காம பிரேக்கர் நம்பரை நம்பாதீங்க.

பழையவயர் · 3 நவம்பர், காலை 7.05

மேல எழுதினதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. "செம்பு வீட்டைவிட ஆபத்து 55 மடங்கு"ன்னு நெட்ல சுத்துற எண் 1972க்கு முன்னாடி தயாரான அலுமினிய வயருக்கு. அதுவும் "வீடு எரியும்"னு அர்த்தம் இல்ல, ஒரு இணைப்பாவது தீ பிடிக்கிற நிலைக்குச் சூடேற வாய்ப்பு அவ்வளவுன்னு அர்த்தம். 1974 வீட்டுல எந்த வருஷத்து வயர்ச் சுருள் போச்சுன்னு வயர் மேல் உறையில இருக்கிற எழுத்தை வெச்சுத்தான் சொல்ல முடியும். எலக்ட்ரீஷியன்கிட்ட அதைப் படிக்கச் சொல்லுங்க.

கடுகுதாளிப்பு · 3 நவம்பர், மதியம் 1.15

எங்க வீடு 1998 மேனுஃபாக்சர்டு ஹோம். ரசத்துக்குத் தாளிச்சா போதும், நாலு ரூம் அலாரமும் ஒண்ணா கத்துது. மாமியார் துடைப்பக்கட்டையால அதை இடிக்கிறாங்க. பேட்டரியைக் கழட்டிடலாமா?

பழையவயர் · 3 நவம்பர், இரவு 8.50

கழட்டாதீங்க. துடைப்பத்தையும் பத்திரமா வைங்க, கடைசியில ஒரு வேலை இருக்கு.

தப்பு மிளகாயில இல்ல, அலாரம் இருக்கிற இடத்துல இருக்கு. அடுப்புல இருந்து 10 அடிக்குள்ள புகை அலாரமே வேண்டாம். 10 அடியில இருந்து 20 அடி வரைக்கும் மாட்டியே ஆகணும்னா ஃபோட்டோஎலக்ட்ரிக் வகை (ஒளியால புகையைக் கண்டுபிடிக்கிறது), இல்லன்னா கத்துறதைக் கொஞ்ச நேரம் அடக்குற பட்டன் உள்ளது. அயனைசேஷன் வகைக்குத் தாளிப்புல வர்ற நுண்புகை ரொம்பப் பிடிக்கும், உடனே கத்தும். பின்னாடி "பி"ன்னு இருக்கா "ஐ"ன்னு இருக்கான்னு பாருங்க. தேதியும் அங்கேயே அச்சடிச்சிருக்கும், 10 வருஷம் தாண்டினா தூக்கிப் போடணும். உங்க 1998 வீட்டுல இன்னும் பழசே இருந்தா அது அலாரம் இல்ல, அலங்காரம்.

ரெண்டாவது காரணம் ஹூட், அதாவது அடுப்புக்கு மேல இருக்கிற புகை உறிஞ்சி. ஹட் கோடுப்படி கிச்சன் எக்ஸாஸ்ட் நிமிஷத்துக்கு 100 கன அடியாவது வெளியே தள்ளணும். ரீமாடல்ங்கிற பேர்ல அதை எடுத்துட்டு, புகையை மூஞ்சிக்கே திருப்பி ஊதுற மைக்ரோவேவ் ஹூடை மாட்டிடுவாங்க. தாளிக்கிறப்ப வெளிச்சுவர் மூடி படபடன்னு திறக்குதான்னு ஒருத்தரை வெளியே நிக்க வெச்சுப் பாருங்க.

பழைய வீட்டுக்காரங்களுக்கு ஒரு விசேஷ விதி: இன்சுலேஷன் சரியில்லாத கூரையில அலாரத்தை மாட்டாதீங்க. வெயில்லயோ குளிர்லயோ கூரையை ஒட்டி ஒரு காத்துப் படலம் நிக்கும், புகை அங்கே ஏறாது. உள்சுவர்ல, கூரையில இருந்து 4 முதல் 12 இன்ச் கீழே மாட்டுங்க. வெளிச்சுவர்லயும் வேண்டாம், அதே பிரச்னைதான். ஒவ்வொரு பெட்ரூம்லயும் ஒண்ணு, ஹால்ல ஒண்ணு, ஒண்ணு கத்தினா எல்லாம் கத்தணும். பழைய வீட்டுல அதுக்காகச் சுவரைக் கிழிக்க வேண்டாம், 10 வருஷ சீல் பேட்டரியோட ஒயர்லெஸ்ல பேசிக்கிறது கிடைக்குது. செஞ்சிலுவைச் சங்கம் பல ஊர்கள்ல இலவசமாவே வந்து மாட்டித் தருது. உள்ளூர்க் கிளையைக் கேளுங்க.

துடைப்பம் எதுக்குன்னா, மாசம் ஒரு தடவை காம்பால டெஸ்ட் பட்டனை அழுத்த.

பழையவயர் · 4 நவம்பர், இரவு 9.20

சன்னிவேல்வாசி, அப்பா அம்மாவுக்குன்னு சொன்னீங்க. அப்ப பெட்ரூம் ஜன்னல்தான் உங்க முதல் கேள்வியா இருக்கணும். படுக்கையறை கோடியில இருக்கும், நடுவுல கிச்சன். கிச்சன்ல பிடிச்சா கதவுக்கு வழி அடைஞ்சிடும். அதனாலதான் ஒவ்வொரு பெட்ரூம்லயும் ஒரு தப்பிக்கிற ஜன்னல்: திறந்த பரப்பு 5.7 சதுர அடி, கீழ்விளிம்பு தரையில இருந்து 44 இன்ச்சுக்கு மேல போகக்கூடாது.

அந்த ஜன்னல்ல ஏசி மாட்டியிருக்கிறது, கம்பி போட்டிருக்கிறது, கட்டில் தலைமாடு மறைச்சிருக்கிறது, பெயின்ட் ஒட்டித் திறக்காம போனது, இதெல்லாம் பார்க்குக்குப் பார்க் இருக்கு.

பழையவயர் · 4 நவம்பர், இரவு 9.55

மேல சொன்ன 5.7ம் 44ம் சாதாரண வீட்டுக் கணக்கு. கை பழக்கத்துல எழுதிட்டேன். ஹட் கோட்ல 5 சதுர அடி, எந்தப் பக்கமும் 22 இன்ச்சுக்குக் குறையக்கூடாது, கீழ்விளிம்பு 36 இன்ச். கணக்குப் போட்டா 22க்கு 33 இன்ச் ஓட்டை. ஜன்னல் சைஸைச் சொல்லல, திறந்தபிறகு உடம்பு நுழையுற இடத்தைச் சொல்றேன். தள்ளு ஜன்னல்ல பாதிதான் திறக்கும்ங்கிறதை மறந்துடாதீங்க.

கதவும் ரெண்டு வேணும். சிங்கிள்வைட்ல ரெண்டுக்கும் நடுவுல 12 அடி, டபுள்வைட்ல 20 அடி. எந்தப் பெட்ரூம் வாசல்ல இருந்தும் 35 அடிக்குள்ள ஒரு வெளிக்கதவு. பின்கதவுக்கு வெளியே படிக்கட்டே இல்லாம விட்டிருப்பாங்க, அதையும் திறந்து பாருங்க.

மினசோட்டாக்காரன் · 5 நவம்பர், காலை 6.30

குளிர் ஆரம்பிச்சாச்சு. தண்ணி உறையாம இருக்க குழாய்க்கு ஹீட் டேப் (சூடேத்துற மின் பட்டை) சுத்தணும். எத்தனை சுத்து சுத்துறது?

பழையவயர் · 5 நவம்பர், இரவு 10.10

எத்தனை சுத்துன்னு கேட்டதே பயமா இருக்கு. டேப்பு டேப்பு மேல ஏறக்கூடாது. நிலையான வாட் வகையில ஒண்ணு மேல ஒண்ணு படுற இடத்துல சூடு போக வழியில்லாம உறை உருகிடும். அளவு மிச்சம் வந்தா சுருட்டி வைக்காம சரியான நீளத்துல வேற வாங்குங்க. தானே சூட்டைக் குறைச்சுக்கிற வகை வாங்கினா நிம்மதி. மேனுஃபாக்சர்டு ஹோமுக்கு உகந்ததுன்னு அட்டையில சான்றுக் குறியோட எழுதியிருக்கணும். தெர்மோஸ்டாட் குமிழ் குழாயைத் தொட்டுக்கிட்டு, இன்சுலேஷனுக்கு உள்ளே இருக்கணும். வெளியே தொங்கினா காத்துக் குளிரைப் பார்த்துட்டு நாள் முழுக்க எரியும். மேல சுத்துற இன்சுலேஷன் தயாரிப்பாளர் சொன்னதாத்தான் இருக்கணும், கையில கிடைச்ச ஃபோமா இல்ல.

தண்ணி உள்ளே வர்ற இடத்துல இருந்து 2 அடிக்குள்ள, வீட்டு அடியில, அதுக்குன்னே ஜி.எஃப்.சி.ஐ. (கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்துறது) பாதுகாப்போட ஒரு பிளக் இருக்கும். எக்ஸ்டென்ஷன் கார்டு இழுத்து வந்து செருகாதீங்க. வருஷா வருஷம் சொருகுறதுக்கு முன்னாடி முழு நீளத்தையும் கையால தடவிப் பாருங்க: வெடிப்பு, கருகல், எலிப் பல்.

அடியில போனதும் போனீங்க, துணி ட்ரையர் குழாயையும் பாருங்க. சொல்லப்போனா எனக்குப் பிடிச்ச தலைப்பே இதுதான். ட்ரையர் காத்து 4 இன்ச் உலோகக் குழாய் வழியா ஸ்கர்ட்டிங்கையும் (வீட்டு அடியைச் சுத்தி மறைக்கிற பலகை) தாண்டி வெளியே போகணும். நடக்கிறது என்னன்னா, தரையைத் துளைச்சு வர்ற குழாய் முழங்கையில கழண்டு விழுந்திருக்கும். பஞ்சு முழுக்க வீட்டு அடியில மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும். அதுக்கு அரை அடி தள்ளி ஹீட் டேப். இன்னும் தள்ளி, போன கிறிஸ்துமஸ் மரம் அட்டைப்பெட்டியோட.

வெள்ளை பிளாஸ்டிக் குழாயும் ஜரிகைத் தாள் மாதிரி வளையுற குழாயும் ஆகாது, வழவழப்பான உலோகம்தான் வேணும். இணைப்புல ஸ்க்ரூ போடாதீங்க, ஸ்க்ரூ முனையில பஞ்சு மாட்டும். அலுமினிய டேப் ஒட்டுங்க. மொத்த நீளம் 35 அடி, ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 5 அடி கழிச்சுக்கோங்க. வீட்டுக்குள்ளேயே தெரியுற அறிகுறி: ஒரு தடவையில காயுற துணிக்கு ரெண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கும்.

பழையவயர் · 6 நவம்பர், இரவு 8.30

1500 வாட் அறை ஹீட்டர் ஓட்டலாமான்னு தனிச்செய்தியில கேட்டவருக்கு: 1500 வாட்டை 120 வோல்ட்டால வகுத்தா 12.5 ஆம்ப். 15 ஆம்ப் சர்க்யூட்ல தொடர்ந்து ஓட்டலாம்னு கணக்கு 12தான். ஆக, ஒரே ஒரு ஹீட்டர்லயே கோட்டைத் தாண்டியாச்சு, அதே லைன்ல இன்ஸ்டன்ட் பாட் (மின் குக்கர்) வேறயா? நேரா சுவர்லதான் செருகணும். சுத்தி 3 அடிக்குத் துணி, கட்டில், திரை எதுவும் இருக்கக்கூடாது. 14 அடி அகல சிங்கிள்வைட்ல 3 அடி கிடைக்கிற இடம் எதுன்னு கேட்டா, அது ஹால் நடுவுல. அதனாலதான் ஹீட்டர் வாங்குற காசுல ஃபர்னஸைச் சரிபண்ணுங்கன்னு சொல்றது.

சில வீடுகள்ல பிளக் பாயின்ட்டுக்குப் பின்னாடி பெட்டியே இருக்காது. வயரைக் கடிச்சுப் பிடிக்கிற ஒரே பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். பிளக் லூஸா ஆடினா ஒட்டுப் போடாம எடுத்துட்டு, ஆழம் குறைஞ்ச பெட்டி ஒண்ணு வெட்டி வெச்சு சாதாரண பாயின்ட் மாட்டுங்க. சுவர் மெல்லிசு, சாதாரணப் பெட்டி பின்பக்கம் இடிக்கும்.

சன்னிவேல்வாசி · 8 நவம்பர், மாலை 5.45

போய்ப் பார்த்துட்டு வந்தேன். வெளியே கம்பத்துல 50 ஆம்ப் பிரேக்கர். அங்கேயிருந்து வீட்டுக்கு மூணு வயர் போகுது. டெஸ்லா சார்ஜர் போட்டுக்கலாம்ங்கிறார். பெட்ரூம் ஜன்னல்ல, நீங்க சொன்ன மாதிரியே, ஏசி.

பழையவயர் · 8 நவம்பர், இரவு 7.15

சார்ஜர் 40 ஆம்ப் இழுத்தா அதுக்கே 50 ஆம்ப் சர்க்யூட் வேணும். கார் மட்டும் ஓடும், வீட்டுல அகல் விளக்கு ஏத்திக்கலாம்.

மூணு வயர் தமாஷ் இல்ல. மெயின் கம்பத்துல இருக்கு, வீட்டுப் பேனல் ஒரு சப்-பேனல்தான். கம்பத்துல இருந்து நாலு வயர் வரணும்: ரெண்டு ஹாட், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். பேனலுக்குள்ள நியூட்ரல் பட்டையும் எர்த் பட்டையும் தனித்தனியா இருக்கணும், இணைக்கிற ஸ்க்ரூவை எடுத்திருக்கணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா வீட்டு அடியில இருக்கிற இரும்புச் சட்டத்துல கரண்ட் ஓடும். நியூட்ரல் அறுந்தா மோசம்: மைக்ரோவேவ் போட்டதும் ஒரு ரூம்ல லைட் மங்கி இன்னொரு ரூம்ல பளிச்சுன்னு ஆகும். 120 வோல்ட் லைன்ல 180 கூட வரலாம். பார்த்த நிமிஷமே கம்பத்துல மெயினை ஆஃப் பண்ணணும். இன்னைக்குக் கோட் கேட்கிறது ஒரு மனைக்குக் குறைஞ்சது 100 ஆம்ப். கம்பம் பெரும்பாலும் பார்க்கோடது, அதனால அதை மாத்தித் தருவாங்களான்னு எழுத்துல வாங்கிட்டு விலை பேசுங்க.

பழையவயர் · 9 நவம்பர், மாலை 4.00

இதுவரைக்கும் உங்க வீட்டைப் பத்தி. இனிமே பக்கத்து வீடு. பார்க்குகள் எரியறது அங்கேதான்.

என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம்) 501ஏ விதி சொல்ற இடைவெளி: நீளப் பக்கமும் நீளப் பக்கமும் பார்த்தா 10 அடி, நீளப் பக்கமும் முனையும் 8, முனையும் முனையும் 6. கலிபோர்னியாவுல 1961 செப்டம்பர் 15க்கு முன்னாடி அமைஞ்ச பார்க்குக்கு 6 அடியே போதும்னு விட்டுட்டாங்க. டேப் எடுத்துட்டுப் போங்க. காகிதத்துல 10 அடி இருக்கும், நடுவுல மர ஷெட், ரெண்டு வீட்டுக் கார்போர்ட் கூரை, குப்பைத் தொட்டி, புரொப்பேன் கிரில். நெருப்பு அதுல கால் வெச்சு கால் வெச்சு நடந்து வரும். வினைல் பலகையும் வினைல் ஸ்கர்ட்டிங்கும் 160 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கத்திலேயே தொய்ஞ்சிடும், சுடர் தொடவே வேண்டாம். தொய்ஞ்சதும் வீட்டு அடி திறந்த அடுப்பு.

2008 நவம்பர்ல சேயர் தீ வந்தப்ப சில்மார் ஓக்ரிட்ஜ் பார்க்ல சுமார் 600 வீட்டுல 480 போச்சு. 2017 அக்டோபர்ல சான்டா ரோசா ஜர்னீஸ் எண்ட்ல 117 வீடு. எரியாம மிஞ்சின வீட்டுக்காரங்களும் திரும்பிப் போக முடியல, ஏன்னா கரண்ட், காஸ், தண்ணி எல்லாம் பார்க்குக்குப் பொது. 2020 செப்டம்பர் 8 அல்மீடா தீயில ஆரிகன் டேலன்ட், ஃபீனிக்ஸ் ஊர்கள்ல பார்க் பார்க்கா போச்சு. 2025 ஜனவரியில பாலிசேட்ஸ் தீயில பாலிசேட்ஸ் பௌல், டஹிட்டியன் டெரஸ் ரெண்டு பார்க்கும்.

பழையவயர் · 9 நவம்பர், இரவு 9.30

அப்ப ஸ்கர்ட்டிங் ஓட்டையை எல்லாம் அடைச்சிடலாமான்னு ரெண்டு பேர் கேட்டாச்சு. அடைச்சா தரை இத்துப்போகும். விதி: வீட்டோட 150 சதுர அடிக்கு 1 சதுர அடி காத்து வழி. 1200 சதுர அடி வீட்டுக்கு 8 சதுர அடி, தணல் உள்ளே பறந்து வர தாராளமான வாசல். ஆனா மண்ணு மேல 6 மில் (இன்ச்சுல ஆயிரத்துல ஆறு பங்கு) பாலித்தீன் விரிச்சு ஈரத்தை அடக்கினா 1500க்கு 1 போதும்ங்கிறது ஹட் விதி, அதாவது 0.8 சதுர அடி. உள்ளூர் இன்ஸ்பெக்டர் ஒத்துக்கிட்டா இதுதான் மலிவான தணல் தடுப்பு. மிச்சம் இருக்கிற ஓட்டைக்கு 1/8 இன்ச் உலோக வலை, பிளாஸ்டிக் வலை இல்ல. ஸ்கர்ட்டிங்கையே மாத்தினா ஃபைபர் சிமென்ட். வீட்டு வயித்துல கறுப்புத் தாள் கிழிஞ்சு இன்சுலேஷன் தொங்கினா அதுக்குன்னு இருக்கிற ஒட்டுத்துணியால ஒட்டுங்க.

சுத்தி 5 அடிக்கு மரச்சீவல், தேங்காய்நார் மிதியடி, காஞ்ச புல் எதுவும் வேண்டாம். கார்த்திகை வருது, வராந்தாவுல பச்சைப் பிளாஸ்டிக் புல்தரை விரிச்சிருக்கிறவங்க அது மேல அகல் வைக்காதீங்க. இரும்புத் தட்டுல மணல் பரப்பி அதுல வைங்க.

கடுகுதாளிப்பு · 10 நவம்பர், காலை 8.00

பார்க் மேனேஜர்கிட்ட என்ன கேட்கணும்?

பழையவயர் · 10 நவம்பர், இரவு 9.10

ரோடு 20 அடி அகலம் காலியா இருக்கா, அதாவது ரெண்டு பக்கமும் வண்டி நிறுத்தினபிறகு. மரக்கிளையை 13 அடி 6 இன்ச் உயரம் வரைக்கும் வெட்டியிருக்கா. 150 அடிக்கு மேல போற முட்டுச்சந்துல தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இருக்கா. கேட்டைத் திறக்க அவங்ககிட்ட சாவி இருக்கா. வீட்டு நம்பர் 4 இன்ச் உயரத்துல ரோட்டுல இருந்து தெரியுதா. "ஸ்பேஸ் 47"ஐ ராத்திரி டார்ச் அடிச்சுத் தேடுற நேரத்துல நாலு வீடு போயிடும்.

கலிபோர்னியாவுக்குன்னு ஒண்ணு கூடுதல்: நிலநடுக்கம். 1994 நார்த்ரிட்ஜ்ல வீடுகள் தாங்குகாலை விட்டு விழுந்து காஸ் குழாய் முறிஞ்சுதான் பார்க்குகள்ல தீ. வீட்டுக்கு அடியில நிலநடுக்கத் தாங்கு சட்டம், காஸுக்கு வளையுற கனெக்டர், வாட்டர் ஹீட்டருக்கு மேலயும் கீழயும் ஒரு பட்டை. காஸ் மீட்டர் பக்கத்துல ஸ்பேனரைக் கட்டித் தொங்கவிடுங்க. நெம்புகோல் குழாய்க்குக் குறுக்கே இருந்தா மூடியிருக்கு. மூடினதை நீங்களே திறக்காதீங்க.

தீயணைப்பான்: 2-ஏ:10-பி:சி (உருளை மேல அச்சடிச்சிருக்கிற திறன் குறி), 5 பவுண்டு. பதினஞ்சு விநாடி போல ஊதும், அவ்வளவுதான். அடுப்புப் பக்கத்துல மாட்டினா எடுக்க நெருப்புக்குள்ளே போகணும், அதனால வெளிக்கதவுப் பக்கம். வடைச்சட்டி பிடிச்சா அது கூட வேண்டாம்: அடுப்பை நிறுத்திட்டு ஒரு தட்டால மூடுங்க, ஆறுற வரைக்கும் திறக்காதீங்க.

சன்னிவேல்வாசி · 12 நவம்பர், இரவு 7.20

1974 வேண்டாம்னு முடிவு. அதே பார்க்ல 1989 ஒண்ணு இருக்கு, சிவப்புப் பட்டை ரெண்டு, நாலு வயர், 100 ஆம்ப். அப்பாவுக்கு 71. ஜன்னல் வழியா இறங்க முடியுமா?

பழையவயர் · 12 நவம்பர், இரவு 8.05

உள்ளே 36 இன்ச், வெளியே தரை மட்டத்துல இருந்து வீட்டுத் தளம் இன்னொரு 3 அடி. ஆக 6 அடி குதிக்கணும். ஜன்னலுக்கு நேர் கீழே வெளியில கான்கிரீட் பிளாக் அடுக்கி, ஆடாத மாதிரி 2 அடி அகல மேடை ஒண்ணு போடுங்க, மரத்துல வேண்டாம். உள்ளே ஜன்னலடியில ஒரு கனமான ஸ்டூல். ஜன்னலை ஒரு கையால திறக்க முடியுதான்னு அப்பாவையே திறக்கச் சொல்லுங்க, நீங்க திறந்து பார்த்துட்டு சரின்னுடாதீங்க. அந்த ஜன்னல் மேல ஏசி கண்ணு வைக்கும், ஏசியை ஹாலுக்கு அனுப்புங்க.

சன்னிவேல்வாசி · 12 நவம்பர், இரவு 8.12

ட்ரையர் குழாயைப் பார்க்க மறந்துட்டேன். நாளைக்குப் போறேன்.